தொழில் தொடங்குவதையே தொழிலாகக் கொள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் கடந்த இருபது ஆண்டுகளில் ஐந்து சிறு தொழில்களைத் தொடங்கியிருக்கிறேன். அவற்றில் மூன்றை நடந்துகொண்டிருக்கும் நிலையிலேயே பிறருக்குக் கைமாற்றினேன், ஒன்றை மூடினேன், ஒன்றில் இன்றும் பங்கு வைத்திருக்கிறேன். புதிதாக ஒன்றைத் தொடங்கும் ஆசை ஓயாமல் இருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்தவரை விரிவாக இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

புதிது புதிதாகத் தொழில் தொடங்கும் ஆசையை நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா?

முடியும். ஆனால் அந்த வருமானம் எந்த இடத்தில் பிறக்கிறது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். கடை திறக்கும் நாளில் கையிலிருந்து பணம் போகிறது. அதன்பின் ஓராண்டு, ஈராண்டு உழைத்து, அது தன் காலில் நிற்கத் தொடங்கியதும் இன்னொருவரிடம் முறையாக ஒப்படைக்கும்போதுதான் நம் உழைப்புக்கு மொத்தமாக விலை கிடைக்கிறது. ஒப்படைக்கத் தெரியாதவர் பத்துத் தொழில் தொடங்கினாலும் பத்து முறை முதலை இழப்பார். என்னிடம் வரும் பலர் அடுத்து என்ன தொடங்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். இப்போது கையில் இருப்பதை யாரிடம், எப்படி ஒப்படைப்பது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

இப்படி வாழ்ந்தவர்கள் இதற்கு முன் இருந்திருக்கிறார்களா?

நம் வட்டாரத்திலேயே இருந்திருக்கிறார்கள். சூலூருக்கு அருகிலுள்ள கலங்கலில் 1893 இல் பிறந்த ஜி. டி. நாயுடு, கோவையில் உணவு விடுதி ஒன்றில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரித்துப் பூட்டியே இயந்திரம் பழகியவர். 1920 இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தை ஓட்டத் தொடங்கினார். அது பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்த பின்னும் அதோடு நின்றுவிடாமல் மின் மோட்டார், சவரக் கத்தி, தொழிற்பயிற்சிக் கல்வி, வேளாண் ஆய்வு என்று அடுத்தடுத்துப் புதியவற்றில் இறங்கினார். செட்டிநாட்டிலிருந்து வந்த மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் திறந்தார்.

இவர்களைவிட என்னை அதிகம் சிந்திக்க வைத்தது, பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போன நகரத்தார்களின் நடைமுறைதான். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, பின்னர் கடையின் முழுப் பொறுப்பையும் ஏற்கும் மேலாள், பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்கு முடிந்ததும் பேரேடுகளைச் சரிபார்த்து அடுத்து வருபவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். கடை ஓர் ஆளோடு கட்டப்பட்டிருக்கக் கூடாது, கணக்கோடு கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதை அவர்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே பழக்கமாக்கி வைத்திருந்தார்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ராணுவத்திலிருந்து விலகிப் பட்டுப்புழு வளர்ப்பில் தொடங்கிய கேப்டன் கோபிநாத், 1997 இல் ஹெலிகாப்டர் சேவையையும் 2003 இல் குறைந்த கட்டண விமான நிறுவனமான ஏர் டெக்கானையும் தொடங்கினார். ஏர் டெக்கான் கிங்ஃபிஷர் குழுமத்தின் கைக்குப் போன பின் அவர் தொடங்கிய சரக்கு விமானத் தொழில் நிலைக்கவில்லை. ஒன்றில் கிடைத்த வெற்றி அடுத்ததற்குப் பிணையாகாது என்பதால், விற்று வந்த பணம் முழுவதையும் அடுத்த தொழிலில் போட வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

எனக்கு இருப்பது உண்மையான ஆர்வமா, நிலைகொள்ளாத மனமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நீங்கள் விட்டுவந்த கடைசி வேலையையோ தொழிலையோ எண்ணிப் பாருங்கள். உங்களுக்குச் சலிப்பு வந்தது கணக்கு நேரான பிறகா, நேராவதற்கு முன்பா? வாடிக்கையாளர் பிடிபட்டு, ஆட்கள் பழகி, மாதாமாதம் ஒரே மாதிரி ஓடத் தொடங்கியபின் மனம் வேறொன்றைத் தேடினால் அது தொடங்குபவரின் இயல்பு. அதை வைத்துப் பிழைக்கலாம். முதல் இழப்பு வந்தவுடனேயோ, கடன்காரர் கேட்கத் தொடங்கியவுடனேயோ புதிய யோசனை தோன்றினால், அது பெரும்பாலும் தப்பிக்கும் வழியைத் தேடுகிற மனம். எனக்கும் இரண்டாவது வகைச் சலிப்பு ஒருமுறை வந்தது; அந்தத் தொழிலைத்தான் பின்னர் மூட வேண்டியதாயிற்று.

வருமானம் எந்தெந்த வழிகளில் வருகிறது?

முதல் வழி, நடக்கும் நிலையில் விற்பது. நாளிதழ்களில் “நன்கு நடந்துகொண்டிருக்கும் பேக்கரி விற்பனைக்கு” என்று வரும் வரி விளம்பரங்களில் ஒரு பகுதி இப்படிப்பட்டவைதான். இரண்டாவது வழி, நடத்துபவர் ஒருவரைக் கூட்டாளியாக்கி அன்றாடப் பொறுப்பை அவரிடம் விட்டுவிட்டுப் பங்கை மட்டும் வைத்துக்கொள்வது. இதில் தொகை சிறியது, ஆனால் மாதாமாதம் வரும்.

மூன்றாவது வழியைப் பலர் கவனிப்பதில்லை: பிறருக்காகத் தொடங்கிக் கொடுப்பது. வளைகுடா நாடுகளில் பத்துப் பதினைந்து ஆண்டு உழைத்துச் சேமிப்போடு திரும்பும் ஒருவருக்கு ஊரில் ஒரு பேக்கரியோ உணவகமோ வைக்க ஆசை இருக்கும். இடம் பார்ப்பது முதல் மாஸ்டரைப் பிடிப்பது வரை எதுவும் தெரிந்திருக்காது. கழுவும் இடத்துத் தரைக்கு எந்தப் பக்கம் வாட்டம் வைக்க வேண்டும், அடுமனைக்கு மும்முனை மின் இணைப்பு வர எத்தனை நாள் ஆகும், உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கும் உள்ளாட்சி உரிமத்துக்கும் எந்த வரிசையில் விண்ணப்பிக்க வேண்டும் என்பதெல்லாம், நாலு கடை திறந்தவருக்குக் கைவந்த வேலை. இதற்கான கட்டணத்தை மூன்றாகப் பிரித்து வாங்குகிறேன்: வேலை தொடங்கும்போது ஒரு பங்கு, ஷட்டர் திறக்கும் நாளில் ஒரு பங்கு, மூன்று மாதம் ஓடிய பிறகு மீதி. கடைசிப் பங்கு காத்திருப்பதால் என் பொறுப்பு திறப்பு விழாவோடு முடிந்துவிடாது என்ற நம்பிக்கை அவருக்கு வருகிறது.

அதுவரை வீட்டுச் செலவுக்கு என்ன செய்வது?

வீட்டுப் பணமும் தொழில் பணமும் ஒரே வங்கிக் கணக்கில் இருக்கவே கூடாது. குறைந்தது பன்னிரண்டு மாத வீட்டுச் செலவைத் தனியே எடுத்து வைத்த பிறகே புதிய தொழிலுக்கு முன்பணம் கொடுக்க வேண்டும். பள்ளிக் கட்டணம், மருத்துவக் காப்பீட்டுத் தவணை ஆகியவை அந்தத் தொகைக்குள் அடங்க வேண்டும். சீட்டுப் பணத்தை நம்பித் தொடங்காதீர்கள். சீட்டு எடுத்தபின் தவணை கட்டுவது நின்றுபோகும் மாதம், புதுக் கடையின் மோசமான மாதமாகவே அமைந்துவிடுகிறது. வீட்டில் இருப்பவர்களிடம் தொகையை மறைக்காமல் சொல்லுங்கள். எவ்வளவு வரை இழக்கலாம் என்று என் மனைவியோடு உட்கார்ந்து பேசி எழுதி வைத்த எண்தான், நான்காவது தொழிலில் மேலும் கடன் வாங்காமல் என்னை நிறுத்தியது.

எந்தக் கட்டத்தில் கைமாற்ற வேண்டும்? எப்படித் தயாராவது?

நான் செய்த ஈரமாவுத் தொழிலைச் சொல்கிறேன், இந்தக் கேள்விக்கு அதைவிடத் தெளிவாக எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. பீளமேட்டுப் பக்கம் ஒரு சிறு கூடத்தில் இட்லி, தோசை மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு மளிகைக் கடைகளுக்குக் கொடுத்தோம். விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்ற ஏற்பாட்டில்தான் கடைக்காரர்கள் வாங்குவார்கள். மூன்றாம் நாள் காலை, கடை கடையாகச் சரக்கு போடப் போகும் லைன் வண்டியில் திரும்பி வரும் பாக்கெட்டுகள் உள்ளே நுரைத்து, உறை உப்பித் தலையணை போல இருக்கும். அவற்றை எண்ணிப் பார்த்தாலே அந்த வாரத்து இலாபம் தெரிந்துவிடும். நூறுக்குப் பதினைந்து திரும்பி வந்த நாட்களில் கூலிகூடத் தேறவில்லை. எந்தக் கடைக்கு எந்தக் கிழமை எத்தனை பாக்கெட் என்று குறித்துவைத்து, திரும்பி வருவதை நூறுக்கு நான்காகக் குறைத்த பிறகுதான் அது தொழிலாயிற்று.

இரண்டாம் ஆண்டில் ஒருவர் விலைக்குக் கேட்டு வந்தார். இரண்டு நாள் உடனிருந்து பார்த்தவர், “மாவு நன்றாக இருக்கிறது, ஆனால் இந்த அக்கா நின்றுவிட்டால் உங்கள் தொழிலே நின்றுவிடுமே” என்றார். அவர் சொன்னது உண்மை. அரைக்கும் பொறுப்பில் இருந்த அக்கா, உளுந்து பொங்கி வரும்போது இரு விரலால் தொட்டுப் பார்த்துத்தான் கிரைண்டரை நிறுத்துவார். மார்கழிக் குளிரில் மாவு புளிக்காது என்பதால் தண்ணீரைச் சற்று வெதுவெதுப்பாக்கிக்கொள்வார். இவை எதுவும் எந்தத் தாளிலும் இல்லை. வந்தவர் போய்விட்டார். அதன்பின் ஒரு மாதம் அந்த அக்காவின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அரிசியும் உளுந்தும் ஊறிய நேரம், தண்ணீரின் அளவு, நிறுத்தியபோது மாவு இருந்த சூடு என எல்லாவற்றையும் நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். பின்னர் அந்த நோட்டை மட்டும் கொடுத்துப் புதிதாக வந்த ஒரு பையனை அரைக்கச் சொன்னோம். அவன் அரைத்த மாவுக்கும் அக்கா அரைத்த மாவுக்கும் கடைக்காரர்களுக்கு வேறுபாடு தெரியாத வாரத்தில்தான், இதை இனி விற்கலாம் என்று முடிவு செய்தேன். அந்த அக்காவுக்குச் சம்பளத்தை உயர்த்தி, புதிய உரிமையாளர் அவரையே மேற்பார்வைக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதினோம். அவர் கைத்திறனைத் தாளில் ஏற்றிவிட்டு அவரை வெளியே நிறுத்துவது முறையாகாது.

ஆகவே, நீங்கள் தொடர்ந்து பத்து நாள் ஊரில் இல்லாதபோதும் சரக்கு போய், வசூல் வந்து, கணக்கு நேராக இருந்தால் கைமாற்றும் காலம் வந்துவிட்டது. பத்து நாளில் எத்தனை முறை உங்கள் கைபேசி ஒலித்தது, எதற்காக ஒலித்தது என்று எழுதி வையுங்கள். மீதமிருக்கும் வேலை அந்தப் பட்டியல்தான்.

விலையை எப்படிக் கணக்கிடுவது?

சிறு தொழிலுக்கு இயந்திரங்களின் இன்றைய விலை, கையிருப்புச் சரக்கின் கொள்முதல் விலை, கட்டட உரிமையாளரிடம் இருக்கும் அட்வான்ஸ், இவற்றின் மேல் குட்வில், அதாவது தொழிலின் பெயருக்கும் வாடிக்கைக்குமான மதிப்பு என்று போடுவார்கள். தகராறு வருவது குட்வில்லில்தான். ஒரு கணக்கு பாருங்கள்: எல்லாச் செலவும் போக மாதம் 75,000 ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் உங்கள் உழைப்புக்குக் கூலி போடப்படவில்லை. உங்கள் இடத்தில் ஓர் ஆளை 30,000 ரூபாய்க்கு வைத்தால் உண்மையான இலாபம் 45,000, ஆண்டுக்கு 5,40,000. வாங்குபவர் இந்த எண்ணை வைத்துத்தான் பேசுவார்; நீங்கள் 75,000 ஐ வைத்துப் பேசினால் பேச்சு முறிந்துவிடும். பில் இல்லாமல் நடந்த விற்பனையை விலையில் சேர்க்க முடியாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். முதல் நாளிலிருந்தே பில் போட்டவருக்குக் கைமாற்றும் நாளில் அதன் பலன் தெரியும்.

எந்தச் சட்ட வடிவத்தில் தொடங்குவது நல்லது?

விற்கும் எண்ணத்தோடு தொடங்குபவர் இதை மற்றவர்களைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டும். தனியுரிமையாகத் தொடங்கினால் எல்லாமே உங்கள் பான் எண்ணில் சேரும். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான உத்யம் பதிவும் ஒன்றுதான் கிடைக்கும். புதிய தொழிலை அதே பதிவில் கூடுதல் செயற்பாடாகத்தான் சேர்க்க முடியும். ஜிஎஸ்டியிலும் அப்படியே: தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம் என்றால், உங்கள் பான் எண்ணில் தலா 25 லட்சம் விற்கும் இரு கடைகள் இருந்தாலே அந்த வரம்பு தாண்டிவிடுகிறது. தனித்தனிக் கடை, தனித்தனி வரம்பு என்று நினைத்து மாட்டிக்கொண்டவர்களை அறிவேன். எல்எல்பி (வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை) அல்லது தனியார் நிறுவனமாக இருந்தால் பங்கையே மாற்றிக் கொடுத்துவிடலாம். செலவும் ஆண்டுத் தாக்கல்களும் கூடுதல். முதல் ஓராண்டு தனியுரிமையாக நடத்தி, தேறும் என்று தெரிந்தபின் மாற்றுவது எனக்குச் சரியாக வந்திருக்கிறது.

கூட்டு நிறுவனத்திலிருந்து விலகுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1932 ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, நீங்கள் விலகியதை முறைப்படி பொது அறிவிப்பாக வெளியிடும் வரை, உங்களைக் கூட்டாளி என்று அறிந்திருந்த வெளியாருக்கு உங்கள் பொறுப்பு நீடிக்கும். கைகொடுத்துப் பிரிந்துவிட்டோம் என்று இருந்துவிடாதீர்கள்.

அரசுத் திட்டங்கள் இப்படி அடிக்கடி தொடங்குபவர்களுக்கு உதவுமா?

முதல் முறைக்கு நன்றாக உதவும், அடுத்தடுத்த முறைகளுக்கு அவ்வளவாக உதவாது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உற்பத்திக்கு 50 லட்சம், சேவைக்கு 20 லட்சம் வரையிலான திட்டங்களுக்கு, பிரிவையும் இடத்தையும் பொறுத்து 15 முதல் 35 விழுக்காடு வரை மானியம் உண்டு. ஆனால் அது புதிய தொழிலுக்கு, ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே. அந்த மானியமும் வங்கியில் மூன்று ஆண்டு வைப்பாகவே இருக்கும். பதினெட்டு மாதத்தில் கைமாற்றும் எண்ணம் உள்ளவருக்கு இது பொருந்தாது. தமிழ்நாடு அரசின் நீட்ஸ் திட்டமும் முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கானது. எனவே நீண்ட நாள் வைத்திருக்கப் போகும் தொழிலுக்கு மட்டும் மானியத்தைப் பயன்படுத்துங்கள். மறுபடி மறுபடி தொடங்குபவருக்கு முத்ரா கடன்தான் ஏற்றது. முத்ராவில் தருண் என்னும் பிரிவில் 10 லட்சம் வரையிலான கடனை ஒழுங்காக அடைத்தவர்களுக்கு 2024 முதல் 20 லட்சம் வரை கிடைக்கிறது. விண்ணப்பத்துக்கு முன் மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் ஒருமுறை பேசிவிடுங்கள்.

வாங்குபவர் “இதே தொழிலை இனி இங்கே செய்யக் கூடாது” என்று எழுதிக் கேட்கிறார். சட்டப்படி செல்லுமா?

செல்லும். 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27 ஆம் பிரிவு தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தங்களைப் பொதுவாகச் செல்லாது என்று சொன்னாலும், குட்வில்லை விற்பவருக்கு விதிவிலக்கு வைத்திருக்கிறது. குறிப்பிட்ட எல்லைக்குள், நியாயமான அளவில் இருக்க வேண்டும். தொடங்கிப் பிழைக்கும் நமக்கு அந்த எல்லையின் சொற்கள்தான் வாழ்வாதாரம். “உணவுத் தொழில்” என்று பொத்தாம் பொதுவாக எழுதவிடாதீர்கள். “பாக்கெட் இட்லி, தோசை மாவு, கோவை மாநகராட்சி எல்லைக்குள், மூன்று ஆண்டு” என்று குறுக்கி எழுதச் சொல்லுங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு தொழில்களைத் தொடங்கலாமா?

வேண்டாம். ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொன்றைத் தொடங்கலாம். இரண்டும் குழந்தைப் பருவத்தில் இருந்தால் இரண்டுக்குமே பால் போதாது.

தேறாத தொழிலை எப்படி மூடுவது?

திறந்ததுபோலவே முறையாக மூட வேண்டும். திருப்பூரில் நான் வைத்திருந்த சிறு தையல் கூடத்தை மூடியதற்குக் காரணம் தையலின் தரம் அல்ல, வசூல். வேலை கொடுத்த ஏற்றுமதி நிறுவனம் ஒன்று ஐந்து மாதம் பாக்கி வைத்தது. குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, தாமதத்துக்குக் கூட்டு வட்டியும் உண்டு. நான் அப்போது பதிவே செய்திருக்கவில்லை. கேட்கும் தகுதியை நானே இழந்திருந்தேன். இப்போது எந்தத் தொழிலானாலும் முதல் வாரத்திலேயே உத்யம் பதிவை முடித்துவிடுகிறேன்.

மூடும்போது முதலில் ஆட்களின் சம்பளப் பாக்கியைத் தீருங்கள்; அடுத்த தொழிலுக்கு நல்ல ஆள் கிடைப்பது அதைப் பொறுத்தது. சரக்குக் கொடுத்தவர்களிடம் பிணையாகக் கொடுத்த காசோலைகளை எண்ணித் திரும்ப வாங்குங்கள். ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்தபின் மூன்று மாதத்துக்குள் இறுதித் தாக்கலைச் செய்ய வேண்டும். கைமாற்றும்போதும் ஒன்றை மறக்கக் கூடாது: வங்கிக் கடனுக்கு நீங்கள் கொடுத்த சொந்தப் பொறுப்புறுதி, தொழிலை விற்றவுடன் தானாக நீங்காது. வங்கியிடமிருந்து விடுவிப்புக் கடிதம் கைக்கு வந்த பிறகே சாவியைக் கொடுங்கள்.

விற்ற பிறகு அந்த இடத்துக்குப் போகலாமா?

ஒப்பந்தத்தில் எழுதிய நாள்வரை கட்டாயம் போக வேண்டும். மாவுத் தொழிலில் ஆறு வாரம் என்று எழுதியிருந்தோம். தினமும் காலை ஐந்து மணிக்குப் போய், புதியவரோடு லைன் வண்டியில் ஏறிக் கடை கடையாக அவரை அறிமுகம் செய்துவைத்தேன். ஆறு வாரம் முடிந்தபின் உள்ளே போகவில்லை. பழைய ஆட்கள் நம்மைப் பார்த்து யோசனை கேட்டால் புதிய உரிமையாளருக்கு அது இடைஞ்சல். இப்போது எங்கள் தெரு மளிகைக் கடையில் அந்த மாவைத்தான் வீட்டுக்கு வாங்குகிறோம். உறையின் நிறத்தை மாற்றியிருக்கிறார்கள். கையில் எடுத்ததும் தேதியைப் பார்க்கிறேன், விரலால் லேசாக அழுத்திப் பார்க்கிறேன். இதுவரை ஒரு பாக்கெட்டும் உப்பியிருந்ததில்லை.